புதிய டிசையர்: வேலூர்ப் பக்கத்துக் குடும்பத்துக்கு எந்த வேரியன்ட், எதற்காக

2024 நவம்பர் 11-ல் மாருதியின் நான்காம் தலைமுறை டிசையர் வந்தபோது எல்லாரும் பேசியது இரண்டைப் பற்றித்தான். ஒன்று முகம். இன்னொன்று சன்ரூஃப். அகலமான கிரில்லில் படுக்கைவாட்டுப் பட்டைகள், ஒல்லியான விளக்குகள். "முன்னாடி பார்த்தா ஆடி கார் மாதிரியே இருக்கே" என்று ஷோரூம் வாசலிலேயே சொன்னவர்கள் நிறைய. சன்ரூஃபோ இந்த அளவு செடானில் இதற்கு முன் யாரும் தராதது. ஆனால் இந்த இரண்டில் எதற்காகவும் இந்த வண்டியை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வாங்கக் காரணம் வேறு. அது அறிமுகத்துக்கு மூன்று நாள் முன்னால், நவம்பர் 8-லேயே வெளியாகிவிட்டது.

அன்றுதான் குளோபல் என்கேப் மோதல் சோதனை முடிவு வந்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் 34-க்கு 31.24 புள்ளி, ஐந்து நட்சத்திரம். குழந்தைகள் பாதுகாப்பில் 49-க்கு 39.20, நான்கு நட்சத்திரம். அந்தச் சோதனையில் மாருதி வண்டி ஒன்று ஐந்து நட்சத்திரம் தொட்டது அதுவே முதல் முறை. பிறகு நம் நாட்டின் பாரத் என்கேப்பிலும் ஐந்து நட்சத்திரம் வாங்கியது.

மாருதி என்றாலே "தகரம் மெலிசு, தட்டினா டப்பா சத்தம்" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். கதவைத் தட்டிப் பார்த்து வண்டியின் பலத்தை அளக்க முடியாது. வெளித்தகடு வெறும் மூடி. உள்ளே ஆட்கள் உட்காரும் கூண்டு மோதும்போது நசுங்காமல் நிற்கிறதா, கால் வைக்கும் தரைப் பகுதி உள்ளே தள்ளி வருகிறதா என்பதுதான் கேள்வி. இதில் இரண்டுமே நிலையாக நின்றன. விலை ஏறும் வரிசையில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ பிளஸ் என்று நான்கு வேரியன்ட். அடிப்படை எல்எக்ஸ்ஐ தொடங்கி எல்லாவற்றிலும் ஆறு ஏர்பேக், ஐந்து பேருக்கும் மூன்று முனை பெல்ட், ஈஎஸ்பி, ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு ஆகியவை உண்டு. பணம் குறைவாக இருப்பவருக்கும் உயிர்க்காப்பு குறையவில்லை. இந்த வண்டியில் பாராட்ட வேண்டியது இதைத்தான்.

ஈஎஸ்பி என்பது காகிதத்தில் இருக்கும் மூன்றெழுத்து மட்டுமல்ல. தேசிய நெடுஞ்சாலை 48-ல் பள்ளிகொண்டா, மாதனூர்ப் பக்கம் மீடியன் இடைவெளியில் டூவீலர் திடீரென்று குறுக்கே வருவது யாருக்கும் புதிதல்ல. ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்து, உடனே திருப்பி நேராக்கும் அந்த ஒரு நொடியில் வண்டியின் வால் பக்கம் வீசும். ஈஎஸ்பி தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானாகப் பிரேக் போட்டு அந்த வீச்சை அடக்கும். நீண்ட வெயிலுக்குப் பின் விழும் முதல் தூறலில், எண்ணெயும் தூசியும் கலந்து சாலை வழுக்கும்போது இதன் அருமை தெரியும்.

குழந்தைகளுக்கான நான்கு நட்சத்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் புள்ளிகள் குழந்தை இருக்கை பொருத்திச் சோதித்ததில் கிடைத்தவை. பின்சீட்டில் அந்த இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறது. இருக்கையைத் தனியாக வாங்க வேண்டும். முன்சீட்டில் பாட்டி மடியில் பேரனை வைத்துக்கொண்டு போவது பெரிய ஆபத்து. ஏர்பேக் விரியும்போது நடுவில் இருப்பது குழந்தைதான்.

இனி இன்ஜின். பழைய டிசையரில் இருந்த நான்கு சிலிண்டர் கே12 இன்ஜின் 90 பிஎஸ் தந்தது. இப்போது இருப்பது 1,197 சிசி, மூன்று சிலிண்டர் இசட்12ஈ. 82 பிஎஸ், 112 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இழுவிசை. திறன் குறைந்திருக்கிறது என்பதை விற்பனையாளர் தாமாகச் சொல்ல மாட்டார். மைலேஜுக்காகச் செய்த மாற்றம் இது: மேனுவலுக்கு லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர், தானாகக் கியர் மாற்றும் ஏஎம்டிக்கு 25.71, சிஎன்ஜிக்கு கிலோவுக்கு 33.73 என்று நிறுவனம் சொல்கிறது. இவை சோதனைக்கூட எண்கள். ஏசி போட்டுக்கொண்டு காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே ஓட்டினால் பதினைந்தை ஒட்டியும், சென்னை நெடுஞ்சாலையில் சீராகப் போனால் இருபதை ஒட்டியும் எதிர்பார்ப்பதே நியாயம். டேங்க் 37 லிட்டர் என்பதால் சென்னைக்குப் போய்வர நடுவில் பங்க் தேட வேண்டியிருக்காது.

டெஸ்ட் டிரைவில் கவனிக்க வேண்டியது: வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஏசி ஓடவிட்டு, கையை ஸ்டீயரிங் மேல் லேசாக வையுங்கள். கம்ப்ரஸர் போடும் ஒவ்வொரு முறையும் சின்ன அதிர்வு கைக்கு வரும். உள்கண்ணாடியில் தெரியும் பின் வண்டியின் விளிம்பு நடுங்கும். மூன்று சிலிண்டரின் இயல்பு அது, பழுதில்லை. ஓடத் தொடங்கினால் தெரியாது. பழைய நான்கு சிலிண்டர் வண்டியிலிருந்து மாறுபவர்களுக்குத்தான் முதலில் உறுத்தும். வீட்டில் ஸ்விஃப்டோ பழைய டிசையரோ இருந்தால், அதிலேயே ஷோரூமுக்குப் போய் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள்.

ஊருக்குள் இந்த இன்ஜின் சுறுசுறுப்பு. காலி வண்டியின் எடை 920 முதல் 960 கிலோதான் என்பதால் இரண்டாம், மூன்றாம் கியரில் லாங் பஜார் நெரிசலையும் ஐடா ஸ்கடர் சாலையின் ஆஸ்பத்திரிக் கூட்டத்தையும் அலட்டிக்கொள்ளாமல் கடக்கும். திரும்பும் ஆரம் 4.8 மீட்டர், சந்துக்குள் போய்த் திருப்பி வருவது எளிது. நெடுஞ்சாலையில் கதை கொஞ்சம் வேறு. ஐந்து பேர், பெட்டி நிறைய சாமான், ஏசி என்று போகும்போது, 80-ல் போகும் லாரியை ஐந்தாம் கியரிலேயே அழுத்தி முந்தலாம் என்று நினைக்காதீர்கள். நான்கு அல்லது மூன்றுக்கு இறக்க வேண்டும். இழுவிசை உச்சம் தொடுவது 4,300 சுழற்சியில்.

ஏலகிரி ஏற்றம் இதற்கு நல்ல பரீட்சை. பொன்னேரியிலிருந்து மேலே 14 கொண்டை ஊசி வளைவுகள். முழுச் சுமையோடு போகும்போது வளைவுக்கு முன்பே இரண்டுக்கு இறக்கிவிடுங்கள். உள்பக்க வளைவு செங்குத்தாக இருந்தால் ஒன்று. வளைவின் நடுவில் வேகம் செத்த பிறகு கியரைத் தேடினால் இன்ஜின் திணறும், கிளட்ச் கருகல் வாடையும் வரும். இறங்கும்போதும் அதே இரண்டாம் கியர்தான். பின்னால் டிரம் பிரேக் என்பதால், பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு குறையும்.

ஏஎம்டி பற்றி ஒரு தப்பான எண்ணம் உலவுகிறது. அது, கியர் படிகளே இல்லாமல் ஓடும் சிவிடி போன்ற தனி வகை கியர்பாக்ஸ் அல்ல. மேனுவலில் இருக்கும் அதே ஐந்து கியர், அதே உலர் கிளட்ச். மிதிப்பதையும் மாற்றுவதையும் மட்டும் இயந்திரம் செய்கிறது. அதனால்தான் மேனுவலைவிட 45,000 ரூபாய் மட்டும் கூடுதலாக வைத்து அறிமுகப்படுத்த முடிந்தது. அதனால்தான் கியர் மாறும் நேரத்தில் தலை லேசாக முன்னே போய் வருகிறது. முதலிலிருந்து இரண்டுக்குப் போகும்போது ஆக்சிலரேட்டரை ஒரு கணம் தளர்த்தினால் அந்தக் குலுங்கல் பாதியாகும். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் ஊர்ந்து நிற்கும்போது பலர் செய்வது, பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி வண்டியை அங்கேயே நிறுத்தி வைப்பது. அப்போது கிளட்ச் பாதி பிடித்தபடி உரசிக்கொண்டே இருக்கும். ஏஎம்டி கிளட்ச் சீக்கிரம் போவது பெரும்பாலும் இந்தப் பழக்கத்தால்தான். நின்றால் பிரேக், கிளம்பும்போது ஹில் ஹோல்டு சில நொடி பிடித்துத் தரும், அதற்குள் ஆக்சிலரேட்டர். மலையில் 'எம்' நிலைக்கு மாற்றி நீங்களே இரண்டாம் கியரில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னலில் நியூட்ரல் போட்டுக் கிளட்சை விட்டால் இன்ஜின் தானாக அணையும் வசதி வருகிறது. பெட்ரோல் மிச்சம்தான். ஆனால் கம்ப்ரஸரும் நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூரில், கிரீன் சர்க்கிளில் நிற்கும் நேரத்துக்குள் ஏசி காற்று வெதுவெதுப்பாகிவிடும். டேஷ்போர்டில் அதற்கென்று ஸ்விட்ச் உண்டு. ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் அமர்த்த வேண்டும். இதை ஒட்டிய இன்னொரு விஷயம்: அடிக்கடி அணைந்து கிளம்பும் வேலைக்கென்றே தயாரான பேட்டரி இதில் இருக்கிறது. சில ஆண்டு கழித்து மாற்றும்போது வெளிக்கடையில் விலை குறைவென்று சாதாரண பேட்டரி போட்டால் அது சீக்கிரம் படுத்துவிடும். பழைய பேட்டரியின் லேபிளைப் பார்த்து அதே வகையைக் கேட்டு வாங்குங்கள்.

சிஎன்ஜி வாங்கலாமா என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். அறிமுக விலையில் விஎக்ஸ்ஐ பெட்ரோல் 7.79 லட்சம், சிஎன்ஜி 8.74 லட்சம், இடைவெளி 95,000. வரி குறைந்தபின் அது 87,000-ஐ ஒட்டி வருகிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், நடைமுறை மைலேஜ் 18; சிஎன்ஜி கிலோ 90 ரூபாய், மைலேஜ் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 5.56-க்கும் 3.60-க்கும் வித்தியாசம் இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. கொடுத்த கூடுதல் பணம் திரும்ப 44,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மூன்றரை ஆண்டுக்கு மேல். ராணிப்பேட்டை தொழிற்பேட்டைக்கோ ஆம்பூர் தோல் தொழிற்சாலைக்கோ தினம் போய்வருபவருக்கு அதில் பாதிக் காலம் போதும். ஆனால் டிக்கியை சிலிண்டர் அடைத்துக்கொள்ளும். செடான் வாங்கியதே டிக்கிக்காக என்றால் இது வேண்டாம். மூன்றாண்டுக்கு ஒரு முறை சிலிண்டரை அழுத்தச் சோதனை செய்து சான்று வாங்குவது கட்டாயம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பெட்ரோல் வண்டியின் டிக்கி 382 லிட்டர். இரண்டு பெரிய பெட்டி, ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பம், மேலே கைப்பைகள் என்று திருப்பதிப் பயணத்துக்குத் தாராளம். பின்சீட் மடங்காது, நீளமான சாமான் ஏற்ற முடியாது. பின்சீட்டில் இருவர் சுகமாக, மூவர் அனுசரித்து உட்காரலாம். முட்டிக்கு இடம் நிறைய. ஆனால் சீட் தாழ்வு. மூட்டுவலி உள்ள பெரியவர்கள் உள்ளே உட்காருவதைவிட எழுந்து வெளியே வரத்தான் சிரமப்படுவார்கள். அவர்களையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போய், ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள்.

உள்ளே கறுப்பும் பீஜும். படத்தில் அழகு. ஆம்பூரில் பிரியாணிப் பொட்டலத்தை வண்டிக்குள்ளேயே பிரிக்கும் வழக்கமுள்ள குடும்பம் என்றால் முதல் நாளே சீட் கவர் போட்டுவிடுங்கள். எண்ணெய்க் கத்தரிக்காய்க் கறை இந்தத் துணியிலிருந்து போகாது. போடும் கவர் பக்கவாட்டு ஏர்பேக்குக்கு வழிவிட்டுத் தைத்ததாக இருக்க வேண்டும். முன்சீட் முதுகுச் சாய்வின் ஓரத்தில் இருக்கும் ஏர்பேக்கைக் கவர் இறுக்கி மூடினால், ஐந்து நட்சத்திரத்தில் ஒரு பங்கை நாமே தைத்து மூடியதாக ஆகும்.

தரையிலிருந்து உயரம் 163 மில்லிமீட்டர். சத்துவாச்சாரி, காந்தி நகர் உள்தெருக்களில் ஆளாளுக்குப் போட்டு வைத்திருக்கும் வேகத்தடையில் ஐந்து பேரோடு நேராக ஏறினால் அடி தட்ட வாய்ப்பு உண்டு. கொஞ்சம் சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுங்கள். எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐயில் 165/80 ஆர்14 டயர். மேல் வேரியன்ட்களில் 185/65 ஆர்15. பெரிய சக்கரம் போட்டால் வண்டி உயரும் என்று சிலர் சொல்வது தவறு. இரண்டு டயரின் வெளிவிட்டமும் 620 மில்லிமீட்டரை ஒட்டியதுதான், வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். மாறுவது பக்கச்சுவரின் உயரம்: 14-ல் 132, 15-ல் 120. ஒடுகத்தூர், அமிர்தி பக்கத்துக் குண்டுக் குழிகளில் 14 மென்மையாகப் போகும், டயர் விலையும் குறைவு. 15-ன் அகலம் வளைவில் பிடிப்புத் தரும். அலாய் சக்கர வண்டி எடுப்பவர்கள் ஸ்டெப்னியையும் கையோடு பாருங்கள். அது சின்ன அளவாக இருந்தால், பஞ்சரான பின் அதைப் போட்டுக்கொண்டு வேகமாகப் போகக் கூடாது. கடை வந்ததும் மாற்றிவிட வேண்டும்.

சன்ரூஃபுக்கு வருவோம். இசட்எக்ஸ்ஐ பிளஸில் மட்டும் கிடைக்கிறது. வேலூர் வெயிலில் ஆண்டின் பெரும்பகுதி அது தலைக்கு மேல் ஒரு கண்ணாடி அடுப்பு. உள்மறைப்பை இழுத்து மூடித்தான் வைக்கப் போகிறீர்கள். மார்கழிக் காலையில் ஜவ்வாது மலைப் பக்கம் போனால் திறக்கலாம். குழந்தைகள் அதில் ஏறி நின்று தலையை வெளியே நீட்டுவது உயிருக்கே உலை; திடீர்ப் பிரேக்கில் அவர்களைப் பிடிக்க எந்த பெல்ட்டும் இல்லை. ஓரக் குழாய்களில் தூசியும் இலையும் அடைத்தால் மழைநீர் கூரைத் துணிக்குள் இறங்கும். சர்வீஸின்போது அந்த வடிகாலை ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், கேட்டால்தான் செய்வார்கள். பிளஸில் கூடவே வரும் 360 டிகிரி கேமராவும் ஒன்பது அங்குலத் திரையும் நல்லவைதான். அறிமுக விலையில் அவற்றுக்கு 80,000 கூடுதல். அப்படிக் கூடக் கொடுக்கலாமா என்றால், குறுகிய சந்தில் வீடு உள்ளவர் கேமராவுக்காகக் கொடுக்கலாம்; மற்றவர்கள் யோசிக்கலாம்.

எங்கள் தேர்வு இசட்எக்ஸ்ஐ மேனுவல். காரணம் எல்ஈடி முகவிளக்கு. விஎக்ஸ்ஐயில் வருவது ஹாலஜன். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் நள்ளிரவில் கண்ணமங்கலம் வழியாகத் திரும்பும்போது, எதிரே வரும் லாரியின் வெளிச்சத்துக்கு நடுவில் சாலை ஓரத்துச் சைக்கிளைக் காட்டுவது நம் விளக்குதான். கூடவே தானியங்கி ஏசி, அலாய் சக்கரம், பட்டன் ஸ்டார்ட். பட்ஜெட் எட்டவில்லை என்றால் விஎக்ஸ்ஐ எடுங்கள்: ஏழு அங்குலத் திரை, பின்சீட்டுக்கு ஏசி காற்றுவாய் எல்லாம் உண்டு. பின்சீட் காற்றுவாய் இல்லாத வண்டி வேலூர்க் குடும்பத்துக்கு உதவாது.

போட்டி வண்டிகளைப் பார்க்காமல் முன்பணம் கட்ட வேண்டாம். அதே 2024-ல் டிசம்பர் 4-ல் வந்த ஹோண்டா அமேஸ் நான்கு சிலிண்டர், 90 பிஎஸ், 416 லிட்டர் டிக்கி, 172 மில்லிமீட்டர் உயரம். தானியங்கிதான் வேண்டும், பெரும்பாலும் ஊருக்குள்தான் ஓட்டுவேன் என்பவருக்கு அதன் சிவிடி, டிசையர் ஏஎம்டியைவிடப் பல மடங்கு மென்மை. விலை கூடுதல், நிறுவனம் சொல்லும் மைலேஜ் 19-ஐ ஒட்டி. ஹூண்டாய் ஆராவும் நான்கு சிலிண்டர்தான், 402 லிட்டர் டிக்கி. சிஎன்ஜியோடு ஏஎம்டியும் சேர்ந்து வேண்டுமென்றால் டாடா டிகோர். டிசையரில் அந்தச் சேர்க்கை இல்லை. மைலேஜ், மறுவிற்பனை, சின்ன ஊர்களிலும் கிடைக்கும் உதிரிபாகம் ஆகியவற்றில் டிசையர் முன்னால் நிற்கிறது. குடியாத்தத்திலும் வாணியம்பாடியிலும் மாருதியைத் தொட்டுப் பழகாத மெக்கானிக் அபூர்வம்.

அறிமுகத்தில் 6.79 முதல் 10.14 லட்சம் வரை இருந்த ஷோரூம் விலை, 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான வரி 29-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதும் கணிசமாகக் குறைந்தது. நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். பத்தைத் தாண்டினால் விகிதமும் ஏறும். முன்பு தாண்டி நின்ற உச்ச வேரியன்ட்டும் இப்போது அந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டது. 8 லட்சம் வண்டிக்கு ஆயுள் வரி மட்டும் 1,04,000 என்று ஒதுக்கி வையுங்கள். மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். காப்பீட்டை டீலரிடமேதான் எடுக்க வேண்டும் என்ற விதி இல்லை. வெளியே ஒரு விலை கேட்டு அந்தத் தாளோடு போனால் டீலர் தொகையும் இறங்கும். "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று கொட்டேஷனில் ஒரு வரி இருந்தால் எதற்கென்று கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். உத்தரவாதம் மூன்றாண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர். இலவச சர்வீஸ் 1,000, 5,000, 10,000 கிலோமீட்டரில். அல்லது ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டு, எது முந்துகிறதோ அது. குறைவாக ஓட்டுபவர்கள் மாதக் கணக்கை மறந்து உத்தரவாதத்தைச் சிக்கலாக்கிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

பதிவுக்கு முன்பே, யார்டில் பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பாருங்கள். நம்பர் விழுந்தபின் குறை சொன்னால் மாற்றுவண்டி கிடைக்காது. தயாரிப்பு மாதம், டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க வார-ஆண்டு எண் ஐந்து டயரிலும் ஒத்து வருகிறதா, பம்பரும் பானெட்டும் சேரும் இடைவெளி இருபக்கமும் ஒரே அளவா, கதவு ரப்பருக்குள் மறுபெயின்ட் விளிம்பு தெரிகிறதா, எல்லாக் கண்ணாடியிலும் ஒரே முத்திரையா என்று பார்த்தால் போதும், அரைமணி வேலை.

எப்போது வாங்குவது? ஆடியில் நம் பக்கம் யாரும் டெலிவரி எடுப்பதில்லை, அதனால் டீலர் இறங்கி வருவார். ஆடியில் பேசி முன்பணம் கட்டி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் எடுப்பது பலர் செய்யும் தந்திரம். ஆடி விலையே ஆவணியிலும் செல்லும் என்று பில்லில் எழுதி வாங்க வேண்டும். டிசம்பர்க் கடைசித் தள்ளுபடி இதைவிடப் பெரிதாகத் தெரியும். ஆனால் சில நாளிலேயே ஆர்சி புத்தகத்தில் வண்டி "போன வருஷத்து மாடல்" ஆகிவிடும். ஏழெட்டு ஆண்டு வைத்திருப்பவருக்கு அது பொருட்டல்ல. மூன்று, நான்கு ஆண்டில் மாற்றுபவர் அந்தத் தள்ளுபடியை விற்கும்போது திருப்பிக் கொடுக்க நேரிடும். அவர் ஜனவரியில் எடுக்கட்டும்.